ஏழு மாத லேப் குட்டி தண்ணீரில் இறங்க மாட்டேன் என்கிறது. இது லேப் தானா?

பழுப்புக்கண்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிப்பதோடு சரி, இன்றைக்குத்தான் முதல் தடவையாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் ஏழு மாத லேப்ரடார் இருக்கிறாள். பெண். பெயர் சிட்டு. மஞ்சள் நிறம், எடை 22 கிலோ. தின்பது, கடிப்பது, யாருடைய செருப்பையாவது தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் வைப்பது என்று எல்லாவற்றிலும் அவள் லேப்தான். தண்ணீர் மட்டும் ஆகாது. இதில் வேடிக்கை என்னவென்றால் குடிக்கிற கிண்ணத்தில் இரண்டு முன்காலையும் விட்டுக் கலக்குவாள், மழையில் ஓடுவாள், சேற்றைக் கண்டால் புரண்டுவிட்டுத்தான் வருவாள். ஏரிக்கரைக்கு அழைத்துப் போனால் மட்டும் முன்கால் நனைகிற வரை வந்து, அங்கேயே உட்கார்ந்து என் முகத்தைப் பார்ப்பாள். அதற்கு மேல் ஒரு அடி வைக்க மாட்டாள்.

போன மாதம் என் தம்பி வந்திருந்தான். "மீன் குஞ்சுக்கு யாராவது நீச்சல் சொல்லிக்கொடுப்பார்களா, நீதான் பொத்திப் பொத்தி வளர்த்துக் கெடுத்து வைத்திருக்கிறாய்" என்று சொல்லிவிட்டு, நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்தியும் கேட்காமல், இடுப்பளவுத் தண்ணீர் வரை தூக்கிக்கொண்டு போய் விட்டுவிட்டான். அவள் நீந்தவில்லை. நெட்டுக்குத்தாக நின்றபடி முன்காலால் தண்ணீரை அடி அடியென்று அடித்தாள், மூக்கில் ஏறி இருமினாள், கடைசியில் அவன் தோள்மேல் ஏறிக்கொண்டாள். அவன் முதுகில் நகக்கீறல் ஒரு வாரம் இருந்தது (அது நியாயம்தான்). அன்றிலிருந்து அந்த ஏரிப் பக்கம் வண்டி திரும்பினாலே இருக்கைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறாள்.

இதைக் கேள்விப்பட்ட தெரிந்தவர் ஒருவர், அசல் லேப் என்றால் கறுப்பாக இருக்கும், மஞ்சள் எல்லாம் கலப்பு, உங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்கிறார். அவள் கலப்பாக இருந்தாலும் எனக்கு ஒன்றும் இல்லை, அவள் எங்கள் சிட்டுதான். ஆனால் தெரிந்துகொள்ள ஆசை. தண்ணீர் பிடிக்காத லேப் உண்டா? இனிமேல் அவளைப் பழக்க முடியுமா, இல்லை தம்பி செய்த வேலையோடு அந்தக் கதை முடிந்துவிட்டதா?

மூன்றுலேப்வீடு:

தங்கச்சி, முதலில் அந்தத் தம்பியை ஏரிக்கரையில் கட்டிப்போடுங்கள்.

தண்ணீருக்குப் பயப்படுவதை வைத்து இனத்தைச் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் இதுவரை மூன்று லேப் வளர்ந்திருக்கின்றன. முதலாவது கறுப்பு, நாலு மாதத்திலேயே யாரையும் கேட்காமல் குதித்தான், அவனை வெளியே கொண்டுவரத்தான் நாங்கள் படாத பாடு பட்டோம். இரண்டாவது பழுப்பு நிறத்தாள், ஒன்றரை வயது வரை உங்கள் சிட்டு மாதிரியே கரையில் உட்கார்ந்து மற்றவர்களைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தாள். இப்போது இருப்பவனுக்கு எதையாவது எறிந்தால் மட்டும்தான் தண்ணீர், எறியவில்லை என்றால் ஏரி என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. மூன்றுமே லேப்தான், தாத்தா பாட்டி வரை தெரிந்த குட்டிகள்.

உடம்பைப் பார்த்து ஓரளவு தெரிந்துகொள்ளலாம். வாலை அடியில் பிடித்துப் பாருங்கள். தடிமனாக, உருண்டையாக, நுனிக்கு வர வர மெலிந்து, கீழே தொங்குகிற நீள முடி இல்லாமல் இருக்க வேண்டும். நீந்தும்போது திசை திருப்ப அது கைகொடுக்கும், வீட்டுக்குள் மேசைமேல் இருக்கிற டம்ளர்களைத் தள்ளிவிடவும் அதே வால்தான். அப்புறம் முதுகு முடியை எதிர்த்திசையில் விலக்கிப் பாருங்கள். மேலே குட்டையாக, கொஞ்சம் கரடாக ஒரு அடுக்கு, அடியில் பஞ்சு மாதிரி இன்னொரு அடுக்கு தெரியும். இந்த இரண்டடுக்கு முடிதான் குளிர்ந்த தண்ணீர் தோலை எட்டாமல் காக்கிறது. விரல்களுக்கு நடுவே சவ்வு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள், அதை நம்பித் தீர்ப்பு எழுதாதீர்கள், வேறு பல நாய்களுக்கும் அது கொஞ்சம் இருக்கும். அவ்வளவு சந்தேகம் என்றால் டி.என்.ஏ. சோதனை ஒன்றுதான் வழி.

அன்றைக்கு அவள் நெட்டுக்குத்தாக நின்று அடித்தாள் என்றீர்களே, முதல் தடவை ஆழத்தில் விடப்பட்ட பெரும்பாலான குட்டிகள் அப்படித்தான் செய்யும். பயத்தில் தலையை உயரத் தூக்குவதால் பின்பக்கம் அமிழ்ந்துபோகிறது, பின்காலை உதைக்க வழியில்லாமல் முன்காலே எல்லா வேலையையும் செய்கிறது. வயிற்றுக்கு அடியில் கையைக் கொடுத்துப் பின்பக்கத்தைத் தண்ணீர் மட்டத்துக்குத் தூக்கிவிட்டால் அதே குட்டி நாலு உதையில் நீந்திவிடும். நாய்களுக்கென்று முதுகில் கைப்பிடி வைத்த லைஃப் ஜாக்கெட் வருகிறது, அதை வாங்குங்கள். அவளுக்குக் கொடுப்பதைவிட உங்களுக்கு அது அதிக தைரியம் கொடுக்கும், உங்கள் பதற்றம் குறைந்தாலே பாதி வேலை முடிந்தது.

அந்த ஏரியை மூன்று நாலு வாரம் மறந்துவிடுங்கள். வேறு இடம் பாருங்கள், கரை செங்குத்தாக இல்லாமல் சரிவாக இறங்குகிற இடம், ஓட்டம் இல்லாத தண்ணீர், ரொம்பக் குளிரும் கூடாது. நீங்கள் முதலில் இறங்குங்கள். கரையில் நின்றுகொண்டு போ போ என்று சொன்னால் எந்தப் பெண்ணும் போக மாட்டாள். கணுக்கால் ஆழத்திலேயே ஒரு வாரம் விளையாடினாலும் பரவாயில்லை. நீளக் கயிறு கட்டுவதாக இருந்தால் கழுத்துப்பட்டையில் கட்டாதீர்கள், மார்போடு மாட்டுகிற பட்டையில் கட்டுங்கள், அந்தக் கயிற்றால் அவளை ஒரு தடவைகூட உள்ளே இழுக்காதீர்கள். அது அவள் தப்பித்துப் போகாமல் இருக்க, அவ்வளவுதான். பக்கத்தில் யாரிடமாவது நிதானமான, வயதான, தண்ணீர் பழகிய நாய் இருந்தால் அதையும் கூட்டிப் போங்கள், நாம் ஒரு மாதம் சொல்வதை அது பத்து நிமிடத்தில் சொல்லிவிடும்.

பழையகாவல்:

இவ்வளவு யோசிக்கிற அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை. நாங்கள் எல்லாம் நாயைக் குளத்தில் தூக்கிப் போட்டுத்தான் பழக்கினோம், இரண்டு நிமிடத்தில் நீந்தி வந்துவிடும். இப்போது நாய்க்கு லைஃப் ஜாக்கெட், அதற்கு ஒரு மாதப் பாடத்திட்டம். நடக்கட்டும்.

மூன்றுலேப்வீடு:

அண்ணே, கரைக்கு வந்ததைச் சொல்கிறீர்கள். மறுநாள் அது தானாகத் திரும்ப இறங்கியதா? அதையும் சொன்னால் நன்றாக இருக்கும். உயிர் பிழைக்க நீந்துவதையும் ஆசையாக நீந்துவதையும் கரையில் நிற்கிறவன் ஒன்றாகத்தான் பார்ப்பான். சிட்டு இப்போது இருக்கைக்கு அடியில் ஒளிவது ஏன் என்று நினைக்கிறீர்கள்?

பனிக்கடல்:

மீன் குஞ்சுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பார்களா என்று அந்தத் தம்பி கேட்டதில், அதாவது அது ரத்தத்திலேயே இருக்கிறது என்பதில், பாதி உண்மை இருப்பதால், அந்த ரத்தம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன்.

லேப்ரடார் என்று பெயர் இருந்தாலும் இந்த நாய் லேப்ரடார் நிலப்பகுதியிலிருந்து வந்தது இல்லை. அதற்குத் தெற்கே இருக்கிற நியூஃபவுண்ட்லாந்து தீவுதான் பூர்வீகம், இன்றைக்குக் கனடாவில் இருக்கிறது. அங்கே காட் மீன் பிடிக்கப் போனவர்கள் வளர்த்த, செயின்ட் ஜான்ஸ் என்று ஊர்ப்பெயராலேயே அழைக்கப்பட்ட குட்டை முடி நாய்தான் லேப்புக்கு மூதாதை. ஆங்கிலத்தில் அதை தண்ணீர் நாய் என்றே சொன்னார்கள். தமிழில் அப்படியே நீர்நாய் என்று எழுத முடியாது, அந்தப் பெயர் ஓட்டர் என்ற விலங்குக்குப் போய்விட்டது. ஆனால் பாருங்கள், மேலே நண்பர் சொன்ன அந்தத் தடித்த வாலை ஆங்கிலத்தில் ஓட்டர் வால் என்றுதான் சொல்கிறார்கள், ஆகவே நாம் நீர்நாய் வால் என்று சொன்னால் இரண்டு பக்கமும் சரியாக வந்துவிடுகிறது.

அந்த நாய்களுக்கு வேலை படகில். தூண்டிலிலிருந்து நழுவுகிற மீனைப் பாய்ந்து பிடிப்பது, வலைக்கயிற்றை ஒரு படகிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவது மாதிரி. நீள முடி நாய் அந்தக் கடலில் இறங்கி ஏறினால் முடியெல்லாம் பனிக்கட்டி கோத்துக்கொள்ளும், அதனால் குட்டை முடிதான் தோதாக இருந்தது. இங்கிலாந்தின் பூல் துறைமுகத்துக்கு மீன் ஏற்றி வந்த கப்பல்களில் இந்த நாய்களும் வந்தன. மாம்ஸ்பரி பிரபுக்களின் குடும்பம் அவற்றை வாங்கி வாத்து வேட்டைக்குப் பழக்கியது. 1880களில் அந்த வழியில் வந்த நாய்கள் பக்ளூ பிரபுவின் பண்ணைக்குப் போயின, அவற்றில் நெட், ஏவன் என்ற இரண்டு நாய்களைத்தான் இன்றைய லேப்புகளுக்கு முக்கியமான முன்னோர்களாகச் சொல்கிறார்கள். நாய் இனங்களைப் பதிவு செய்கிற அமைப்புகளில் இங்கிலாந்தின் கென்னல் கிளப் 1903-லும் அமெரிக்கக் கென்னல் கிளப் 1917-லும் தனி இனமாக ஏற்றுக்கொண்டன. தாய் இனம் பாவம், பிறந்த தீவில் நாய்களுக்குக் கட்டுப்பாடும் வரியும் வந்து, இந்தப் பக்கம் இங்கிலாந்தின் குவாரண்டைன் சட்டம் ஏற்றுமதியையும் நிறுத்தி, தேய்ந்து தேய்ந்து 1980களோடு அற்றுப்போனது.

மஞ்சள் கலப்பு என்று சொன்ன அந்த நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்: முதன்முதலில் மஞ்சள் லேப்பாகப் பதிவான நாய் 1899-ல் பிறந்த பென் ஆஃப் ஹைட். அதன் அப்பா அம்மா இரண்டும் கறுப்பு. கறுப்பு ஓங்கி நிற்கிற நிறம், மஞ்சள் ஒளிந்திருந்து வருகிற நிறம், ஒரே ஈற்றில் கறுப்பும் மஞ்சளும் பழுப்பும் சேர்ந்து பிறக்கலாம். அந்தக் காலத்தில் மஞ்சள் குட்டிகளை யாரும் விரும்பவில்லை என்பது உண்மை, அந்தப் பழைய வெறுப்புதான் இப்போது "அசல் இல்லை" என்று வேறு சட்டை போட்டுக்கொண்டு திரிகிறது.

நான் இவ்வளவு இழுத்ததற்குக் காரணம் இருக்கிறது. மீன்பிடிக்காரனும் வேட்டைக்காரனும் நீந்தத் தெரிந்த நாயைத் தேடவில்லை. நீந்தத் தெரிந்தும் ஒன்றுக்கும் உதவாத நாய்கள் எத்தனையோ உண்டு. விழுந்ததைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருகிற நாய்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது, பல் பதியாமல் மெதுவாகக் கவ்விக் கொண்டுவர வேண்டும், பொருள் தண்ணீரில் கிடந்தால் தண்ணீரிலும் போக வேண்டும். லேப்ரடார் ரிட்ரீவர் என்ற முழுப்பெயரே அதைத்தான் சொல்கிறது, ரிட்ரீவர் என்றால் எடுத்துக் கொண்டுவருவது. அதனால் உங்கள் கேள்வியை நான் வேறு மாதிரி கேட்பேன். சிட்டு செருப்பைத் தூக்கி வந்து மடியில் வைக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் அவளுடைய லேப்தனம் இருக்கிறது. அந்தச் செருப்பை ஏன் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோகக் கூடாது? உலர்ந்த தரையில் எறிந்து கொண்டுவரச் சொல்லுங்கள், பிறகு தண்ணீர் ஓரம், பிறகு அரை அடி உள்ளே, அவள் தண்ணீரைப் பார்க்காமல் பொருளை மட்டும் பார்க்கிற மாதிரி. ஒருநாள் தரை இல்லாததை அவள் கவனிக்காமலே தாண்டிவிடுவாள்.

இன்னொன்று. கடந்த நூறு வருடத்தில் வேட்டைக்கு வளர்க்கிறவர்கள் ஒரு பக்கமும் காட்சிக்கு வளர்க்கிறவர்கள் ஒரு பக்கமுமாகப் போய்விட்டார்கள், இரண்டுக்கும் இல்லாமல் விற்பதற்கென்றே வளர்ப்பவர்கள் அதைவிட அதிகம். பல தலைமுறையாகத் தண்ணீரில் யாரும் சோதித்துப் பார்க்காத குடும்பத்தில் வந்த குட்டி கொஞ்சம் தயங்கினால் அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

எண்ணெய்முடி:

எனக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. எங்களிடம் இருப்பது செசபீக் பே ரிட்ரீவர். குளிரானாலும் அலையானாலும் இறங்கிவிடும், கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னும் உள்ளே போகும். இந்த இனத்துக்கும் கதை நியூஃபவுண்ட்லாந்தில்தான் தொடங்குகிறது. 1807-ல் அமெரிக்காவின் மேரிலேண்ட் கரைக்கு அப்பால் மூழ்கிக்கொண்டிருந்த ஒரு கப்பலிலிருந்து காப்பாற்றப்பட்ட செய்லர், கேன்டன் என்ற இரண்டு குட்டிகளிடமிருந்து வந்ததாகச் சொல்வார்கள். 1964-ல் இருந்து அந்த மாநிலத்தின் நாயும் இதுதான். முடியில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை, தண்ணீர் அப்படியே உருண்டு ஓடும். அந்தப் பசையைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அடிக்கடி ஷாம்பு போடக் கூடாது, போடாவிட்டால் வரும் வாசனையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

லேப்புக்கும் இதில் பாதி பொருந்தும். சிட்டு நீந்த ஆரம்பித்த பிறகு தினமும் சோப்பு போட்டுக் குளிப்பாட்டாதீர்கள், நல்ல தண்ணீரில் அலசினால் போதும்.

காதுமருந்து:

கால்நடை மருத்துவமனை ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன், மருத்துவர் இல்லை. பயத்தைப் பற்றி மற்றவர்கள் நன்றாகவே சொல்லிவிட்டார்கள், நான் உடம்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன், கொஞ்சம் பயமுறுத்துகிற மாதிரி இருந்தால் மன்னிக்கவும்.

பழக்க ஆரம்பிக்கும் முன்பே அவள் காதைத் தூக்கி மோந்து பாருங்கள். புளித்த வாடை, சிவப்பு, பழுப்பு அழுக்கு, தலையை ஒரு பக்கம் சாய்த்து உதறுவது, இதில் எது இருந்தாலும் முதலில் மருத்துவரிடம் போங்கள். காது வலிக்கிற குட்டிக்குத் தண்ணீர் எப்படிப் பிடிக்கும்? தொங்கு காது என்பதால் உள்ளே போன ஈரம் வெளியே வராது, ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அதற்குத்தான் காத்துக்கொண்டிருக்கும். பழுப்பு நிற லேப்புகளுக்குக் காது அழற்சி மற்ற நிறங்களைவிட அதிகம் வருகிறது என்று 2018-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு சொல்கிறது, ஆனால் மஞ்சளும் கறுப்பும் தப்பிப்பதில்லை. ஒவ்வொரு தடவை நீந்திய பிறகும் மருத்துவர் சொன்ன காது கழுவும் திரவத்தை விட்டு, வெளியே வருவதைப் பஞ்சால் துடையுங்கள். காது குடைகிற குச்சி மட்டும் வேண்டவே வேண்டாம், அது அழுக்கை உள்ளேதான் தள்ளும். ஈரமான கழுத்துப்பட்டையையும் கழற்றிவிடுங்கள், அதற்கு அடியில் தோல் வெந்துபோய் ஒரே நாளில் புண்ணாகிவிடும்.

அதேபோல நடையையும் பாருங்கள். எழுந்திருக்கும்போது பின்கால் விறைப்பாக இருக்கிறதா, ஓடும்போது முயல் மாதிரி இரண்டு பின்காலையும் சேர்த்துத் தூக்குகிறாளா என்று. இந்த இனத்துக்கு இடுப்பு மூட்டும் முழங்கை மூட்டும் பலவீனமான இடங்கள். மூட்டில் பிரச்சினை இருந்தால் நீச்சல் நல்லது, ஆனால் அதை மருத்துவர் சொல்லி ஆரம்பிக்க வேண்டும்.

நீந்தப் பழகிய பிறகு இரண்டு மூன்று விஷயம் நினைவில் இருக்கட்டும். ஒன்று வால். நிறைய நேரம் நீந்திய மறுநாள், அதுவும் தண்ணீர் குளிர்ந்திருந்தால், வால் செத்தது மாதிரி தொங்கும். அடியில் ஒரு சாண் நீட்டிக்கொண்டு அதற்குப் பிறகு மடிந்து விழுந்த மாதிரியும் இருக்கும். உட்காரவே யோசிப்பாள், தொட்டால் முனகுவாள். வால் ஒடிந்துவிட்டது என்று அலறியடித்துக்கொண்டு ஓடி வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வாலின் அடித்தசை அளவுக்கு மீறி உழைத்ததால் வருவது இது. எடின்பரோ பல்கலைக்கழகம் 2016-ல் லேப்ரடார்களை வைத்தே இதை ஆராய்ந்து, நீச்சலுக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாகச் சொன்னது. ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சில நாளில் சரியாகிவிடும், ஆனாலும் ஒருமுறை காட்டிவிடுங்கள், நிஜமாகவே எலும்பு முறிவாக இருந்துவிடக் கூடாது இல்லையா. வலிக்கிறதே என்று நம் வீட்டு மாத்திரையை உடைத்துக் கொடுப்பது மட்டும் வேண்டாம், இபுப்ரோஃபன் மாதிரி மனிதர் மாத்திரைகள் நாய்க்கு விஷம்.

இரண்டாவது, தண்ணீர் குடிப்பது. பந்தைக் கவ்வும்போது வாய் அகலத் திறந்திருக்கும், ஒவ்வொரு தடவையும் ஒரு வாய்த் தண்ணீர் உள்ளே போகும். ஒரு மணி நேரம் விடாமல் எறிந்துகொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் அபாயமான அளவுக்குக் குறைந்துவிடலாம். வாந்தி, உப்பிய வயிறு, எச்சில் வடிவது, குடித்தவன் மாதிரி தள்ளாடுவது என்று தொடங்கி வலிப்பு வரை போகும், சில மணி நேரத்தில் உயிரும் போகலாம். இது அபூர்வம்தான். ஆனால் நிறுத்தத் தெரியாத இனத்துக்கு இது வருகிறது, லேப்புக்கு நிறுத்தத் தெரியாது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கரையில் உட்கார வையுங்கள், உருண்டைப் பந்தைவிடத் தட்டையான பொருள் நல்லது. ஏழு மாதக் குட்டிக்கு மொத்தமே அஞ்சு பத்து நிமிடம் போதும்.

மூன்றாவது கொஞ்சம் தனி. சில லேப்புகளுக்கு மும்முரமாக அஞ்சு நிமிடமோ இருபது நிமிடமோ ஓடியதும் பின்கால் துவண்டு விழுந்துவிடும், உடம்பு கொதிக்கும், அப்புறம் அரை மணி நேரத்துக்குள் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து நிற்கும். டி.என்.எம்.1 என்ற மரபணுவின் கோளாறு அது, 2008-ல் கண்டுபிடித்தார்கள். அப்பா பக்கமும் அம்மா பக்கமும் ஒவ்வொரு பிரதி வந்தால்தான் வெளிப்படும். தரையில் விழுந்தால் பெரும்பாலும் எழுந்துவிடும், ஆழத்தில் விழுந்தால் மூழ்கிவிடும். ஓடி விளையாடும்போது அவள் என்றைக்காவது அப்படித் துவண்டிருந்தால் நீச்சலுக்கு முன்னால் அந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள், கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தடவி எடுத்தாலே போதும்.

கடைசியாக, தண்ணீர்மேல் பச்சைப் பெயின்ட் கொட்டியது மாதிரி படலம் இருந்தால் அன்றைக்கு இறக்காதீர்கள், கரையில் ஒதுங்கியதை நக்கவும் விடாதீர்கள். நீலப்பச்சைப் பாசியில் சில வகைகள் நாயைச் சில மணி நேரத்திலேயே கொன்றுவிடும்.

பழுப்புக்கண்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. காதுமருந்து அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு அவள் காதை மோந்தேன். இடது காதில் லேசாக வாடை இருந்தது. நாளைக்குக் காலையில் போகிறோம்.

ஒரு சின்னக் கேள்வி, பழக்கும்போது தின்பண்டம் கொடுக்கலாமா? அவள் எதற்கும் மயங்குவாள், ஆனால் எடை கூடிவிடுமோ என்று பயம்.

காதுமருந்து:

கொடுங்கள், அன்றைய சாப்பாட்டிலிருந்து கழித்துக்கொண்டு கொடுங்கள். லேப்புகளில் கிட்டத்தட்ட நாலில் ஒன்றுக்கு பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் ஒரு துண்டு இருக்காது, வயிறு நிறைந்ததே தெரியாது, கேம்பிரிட்ஜில் 2016-ல் கண்டுபிடித்தார்கள். அவள் முகத்தைப் பார்த்து அளக்காதீர்கள், தராசைப் பார்த்து அளந்து போடுங்கள். 48 லேப்புகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வாழ்நாள் முழுக்க 25 சதவீதம் குறைவாகச் சாப்பாடு போட்டதில், அந்தப் பிரிவு சராசரியாக ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தது, மூட்டு வலியும் தாமதமாகத்தான் வந்தது. அந்த முடிவு வந்தது 2002-ல், இன்னும் எங்களிடம் வருகிற லேப்பில் பாதி பீப்பாய் மாதிரிதான் வருகிறது.

பழுப்புக்கண்:

ஏழு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

காதில் ஈஸ்ட்தான். மருந்து போட்டு இரண்டு வாரத்தில் சரியானது. அதற்குப் பிறகு வேறு ஒரு குளம் பார்த்தோம், கரை மணல் மாதிரி சரிவாக இறங்கும். முதல் நாலு நாள் நான் மட்டும் முழங்கால் வரை நனைந்தேன், அவள் கரையில் உட்கார்ந்து என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். பக்கத்து வீட்டில் பதினோரு வயது லேப் கலப்பு ஒன்று இருக்கிறது, பத்து நாள் கழித்து அதையும் கூட்டிப் போனோம். அது தாத்தா மாதிரி மெதுவாக இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஏறி வந்தது. சிட்டு தொப்பை நனைகிற ஆழம் வரை அதன் பின்னாலேயே போனாள். அன்றைக்கு அவ்வளவுதான்.

பனிக்கடல் சார் சொன்ன செருப்பு வேலை செய்தது. என் பழைய ரப்பர் செருப்பு, மிதக்கும், தட்டையும்கூட. அரை அடி, ஒரு அடி, ஒன்றரை அடி என்று எறிந்துகொண்டே வந்தேன். ஒருநாள் காற்று செருப்பைக் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டது, அவள் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தாள், இன்னும் ஒரு அடி வைத்தாள், அடியில் தரை இல்லை. லைஃப் ஜாக்கெட் இருந்ததால் பின்பக்கம் அமிழவில்லை. நாலே உதை, செருப்பைக் கவ்வித் திரும்பி வந்து என் காலடியில் வைத்துவிட்டுத் தண்ணீர் முழுக்க என்மேல் உதறினாள். அவளுக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை என்று நினைக்கிறேன். நான் அழுதுவிட்டேன், கரையில் இருந்தவர்கள் என்னவோ ஏதோ என்று பார்த்தார்கள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் தம்பியும் வந்தான். அவன் தண்ணீர்ப் பக்கமே வரக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன், கரையில் நின்று எறிந்துகொண்டு மட்டும் இருந்தான், ஆனால் அளவு தெரியாமல் எறிந்துவிட்டான். மறுநாள் காலையில் வால் அப்படியே தொங்கியது. அக்கா எழுதியது நினைவு வந்ததால் அலறவில்லை. மருத்துவரும் பார்த்துவிட்டு அதே விஷயம்தான் என்று வலிக்கு மருந்து கொடுத்து ஒரு வாரம் ஓய்வு என்றார். நாலாம் நாளே ஆட்ட ஆரம்பித்துவிட்டாள், முதல் வேலையாக ஒரு டம்ளரைத் தள்ளிவிட்டாள்.

இப்போது வேறு பிரச்சினை. செருப்பைக் கவ்விக்கொண்டு கரைக்கு வருவதில்லை. அதோடு அப்படியே சுற்றிச் சுற்றி நீந்துகிறாள், கூப்பிட்டால் காது கேட்காத மாதிரி இருக்கிறாள். நேற்று வெளியே கொண்டுவர நான் உடையோடு இறங்க வேண்டியதாகிவிட்டது. என்ன செய்வது?

மூன்றுலேப்வீடு:

இன்னொரு செருப்பும் எடுத்துப் போங்கள். அவள் கவ்வித் திரும்புகிற நேரம் பார்த்து, அவள் பார்க்கிற மாதிரி ஆட்டிக் காட்டி, அதைக் கரையில் எறியுங்கள். வந்துவிடுவாள்.

எண்ணெய்முடி:

எங்களுடையது இரண்டு செருப்பையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. உங்களுக்கு லேப் என்பதால் நடக்கும்.